பெஸ்ஸி ஹெட்டும் அந்த ஃபைலும்

பீட்டர்மாரிட்ஸ்பர்க். இந்தப் பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? ஸ்கூல் ஹிஸ்டரி புத்தகத்தில் கண்டிப்பா படிச்சிருப்பீங்க. 1893-ல், முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டாங்களே, அந்த ஸ்டேஷன் இருக்கும் ஊர். தென்னாப்பிரிக்காவில் இருக்கு. நம்மில் நிறைய பேருக்கு அந்த ஊரைப் பற்றித் தெரிந்தது அந்த ஒரு ராத்திரி மட்டும்தான்.

அதே ஊரில் 44 வருஷம் கழித்துத் தொடங்கிய இன்னொரு கதையை இப்போ சொல்லப் போறேன். இதில் ஹீரோயின் பேர் பெஸ்ஸி ஹெட். ஆப்பிரிக்காவின் முக்கியமான எழுத்தாளர்களைப் பட்டியல் போட்டால் இவர் பேர் இல்லாமல் இருக்காது. அங்கே பல பல்கலைக்கழகங்களில் இவர் நாவல்கள் பாடமாக இருக்கு. ஆனா நம்ம பக்கம் இவரைத் தெரிந்தவங்க ரொம்பக் குறைவு.

ஊரை ஒட்டி ஒரு மேட்டில் ஃபோர்ட் நேப்பியர் என்று பிரிட்டிஷ்காரர்களின் பழைய ராணுவ முகாம் ஒன்று இருந்தது. பட்டாளம் காலி செய்த பிறகு அதை மனநல மருத்துவமனையாக மாற்றிவிட்டார்கள். 1937 ஜூலை 6-ம் தேதி அங்கே அடைக்கப்பட்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் அப்பா கறுப்பினத்தவர். அவர் பேர் எந்தப் பதிவிலும் இல்லை.

அந்தக் காலத் தென்னாப்பிரிக்காவில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியணும்னா ஒரு சட்டத்தைத் தெரிஞ்சுக்கணும். 1927-ல் வந்த சட்டம். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் திருமணத்துக்கு வெளியே உறவு வைத்தால் சிறை. பேரே 'ஒழுக்கக்கேடு சட்டம்'தான். அதாவது இந்தக் குழந்தை பிறந்ததே ஒரு குற்றத்துக்குச் சாட்சி மாதிரி.

அம்மாவின் பேர் பெஸ்ஸி அமேலியா எமரி. வீட்டில் டோபி என்று கூப்பிடுவார்கள். வசதியான குடும்பம். கல்யாணம் ஆகி இரண்டு பையன்கள். மூத்தவன் சின்ன வயசிலேயே சாலை விபத்தில் செத்துப்போனான். அதற்குப் பிறகு அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. திருமணம் முறிந்தது. மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாக வாழ்க்கை ஆனது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்தக் கதையைச் சொல்கிற பலரும், ஒரு கறுப்பரைக் காதலித்த குற்றத்துக்காக நல்லா இருந்த ஒரு பெண்ணைப் பைத்தியம் என்று சொல்லி அடைத்துவிட்டார்கள் என்றுதான் சொல்வார்கள். பெஸ்ஸி ஹெட்டும் வாழ்நாள் முழுக்க கிட்டத்தட்ட அப்படித்தான் நம்பினார். ஆனா அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் பழைய பதிவுகளைத் தேடியபோது, கர்ப்பத்துக்குச் சில வருஷங்கள் முன்பே டோபி மனநோய்க்குச் சிகிச்சை பெற்றிருப்பது தெரியவந்தது. எனக்கு முதல் கதையைவிட இந்த உண்மைக் கதைதான் அதிகம் வலிக்குது. நல்லா இருந்தவளை அடைத்தார்கள் என்றால் நாம சுலபமா கோபப்பட்டுவிடலாம். நிஜமாகவே உடம்பும் மனசும் சரியில்லாத, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண். அவளுக்குத் தேவைப்பட்டது கவனிப்பு. கிடைத்தது பூட்டும் குடும்பத்தின் அவமானமும். நோய் உண்மை என்பதால் நடந்தது சரி ஆகிவிடுமா, சொல்லுங்க.

அந்த நிலையிலும் டோபி ஒரு காரியம் செய்தார். பிறந்த குழந்தைக்குத் தன்னோட முழுப் பேரையும் அப்படியே வைத்தார். மகளும் பெஸ்ஸி அமேலியா எமரிதான். அம்மா மகளுக்குக் கொடுக்க முடிந்த சொத்து அவ்வளவுதான்.

குழந்தையை முதலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். அம்மா வெள்ளை என்பதால் குழந்தையும் வெள்ளை என்று கணக்கு. சில நாட்களில் நிறமும் முடியும் சந்தேகத்தைக் கிளப்ப, அவர்கள் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சைஸ் சரியில்லாத சட்டையைக் கடையில் ரிட்டர்ன் செய்கிற மாதிரி. அடுத்து ஊரின் ஏழைப் பகுதியில் இருந்த ஹீத்கோட் குடும்பம் வாங்கிக்கொண்டது. இவர்கள் 'கலர்டு' பிரிவு. கலப்பினத்தவர்களுக்கு அந்த நாட்டு அரசாங்கம் வைத்திருந்த பேர் அது. வெள்ளையருக்குக் கீழே, கறுப்பருக்கு மேலே என்று ஒரு தனித் தட்டு.

நெல்லி ஹீத்கோட் கண்டிப்பான கத்தோலிக்கப் பெண். பெஸ்ஸிக்கு அவர்தான் அம்மா. வேறு அம்மா இருக்கிறார் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. நிஜ அம்மா 1943-ல் அந்த மருத்துவமனையிலேயே இறந்தார். மகளுக்கு அப்போது ஆறு வயசு. இறப்பதற்கு முன், தன் பணத்தில் கொஞ்சம் எடுத்து மகளின் படிப்புக்கு ஒதுக்கணும் என்று டோபி கேட்டிருந்தார். பைத்தியம் என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவர் எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார் பாருங்க.

1950-ல், 12 வயசில், அரசு நலத்துறை பெஸ்ஸியை டர்பன் பக்கத்தில் இருந்த செயின்ட் மோனிகாஸ் என்ற ஆங்கிலிக்கன் மிஷன் விடுதிக்கு அனுப்பியது. கலர்டு பெண் பிள்ளைகளுக்கான இடம். அங்கே ஒரு நூலகம் இருந்தது. அதுவரை புத்தகங்களைப் பெரிதாகப் பார்த்திராத பெண்ணுக்கு அது போதும். படிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

1951 டிசம்பர். லீவுக்கு எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். நம்ம ஹாஸ்டலில் செமஸ்டர் முடிஞ்ச அன்னைக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெஸ்ஸியும் நெல்லி அம்மாவிடம் போகத் தயாராக இருந்தாள். அவளை மட்டும் போக விடவில்லை. டர்பனில் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நெல்லி உன் அம்மா இல்லை என்று அங்கே வைத்துத்தான் சொன்னார்கள். 14 வயசுப் பெண்ணுக்கு, கோர்ட்டில், ஒரு ஆபீஸ் விஷயம் மாதிரி.

விடுதிக்குத் திரும்பியதும் மீதியை மிஷனரி தலைமை ஆசிரியை சொல்லி முடித்தார். மேஜை மேல் ஒரு ஃபைல். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மா ஒரு வெள்ளைக்காரி என்றும், குதிரை லாயத்தில் வேலை பார்த்த கறுப்பு ஆளால் கர்ப்பமானாள் என்றும், அவளுக்குப் புத்தி பேதலித்திருந்தது என்றும் சொன்னார். குதிரை லாயக் கதைக்கு ஆதாரம் எதுவும் கிடையாது, ஆனா பெஸ்ஸி அதைத்தான் கடைசி வரை சுமந்தார். அதோடு ஒரு எச்சரிக்கையும் வந்தது. ஜாக்கிரதையா இல்லேன்னா நீயும் உன் அம்மா மாதிரிதான் ஆவாய் என்ற அர்த்தத்தில்.

அந்த நாள் வரைக்கும் அந்தப் பெண்ணிடம் எந்த நோயும் இல்லை. நோய் வருவதற்குப் பல வருஷம் முன்னாடியே நோயாளி என்ற பேர் வந்துவிட்டது.

பின்னால் அவர் எழுதிய நாவலில் இந்தக் கட்டம் வருகிறது. விடுதியில் மற்ற பெண்கள் சண்டை போட்டால் அது சாதாரணச் சண்டை. இவள் சண்டை போட்டால் மட்டும் தனி அறையில் போட்டுப் பூட்டுவார்கள், ஏன்னா அம்மா பைத்தியம். மற்ற பெண்களும் சீக்கிரமே இதைப் புரிந்துகொண்டு, வேணும்னே இவளைப் பற்றிப் புகார் சொல்வார்கள். நாவல்தான், ஆனா எந்த அனுபவத்திலிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. லேபில் பார்த்திருப்பீங்க, ஒரு சென்சாரைத் தப்பா காலிபிரேட் செய்துவிட்டால் அதுக்கப்புறம் அது காட்டுகிற ஒவ்வொரு ரீடிங்கும் தப்பு. கோபப்பட்டால் பைத்தியம். அழுதால் பைத்தியம். பேசாமல் உட்கார்ந்திருந்தால், பார்த்தியா ஆரம்பிச்சிருச்சு.

பெஸ்ஸி படித்து ஆசிரியை ஆனார். டர்பனில் இரண்டு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். பிடிக்கவில்லை. 1958-ல் வேலையை விட்டுவிட்டு, தெரிந்தவர் யாரும் இல்லாத கேப் டவுனுக்குப் போய், ஒரு பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார். ஆண்களே நிறைந்த ஆபீஸில் ஒரு இளம் பெண். அப்புறம் ஜோகன்னஸ்பர்க், வேறு ஒரு பத்திரிகை.

1960 மார்ச் 21-ல் ஷார்ப்வில் என்ற இடத்தில், கறுப்பர்கள் எப்போதும் பாஸ் வைத்திருக்கணும் என்ற சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தை நடத்திய பான் ஆப்பிரிக்கனிஸ்ட் காங்கிரஸில் பெஸ்ஸியும் சேர்ந்திருந்தார். அவரையும் கைது செய்து, கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள். அதை ஒட்டிய நாட்களில் அவர் உயிரை விடவும் முயன்றார். காப்பாற்றிவிட்டார்கள். வயசு 22.

அடுத்த வருஷம் ஹேரல்ட் ஹெட் என்ற பத்திரிகையாளரோடு கல்யாணம். 1962-ல் மகன் ஹோவர்ட் பிறந்தான். திருமணம் நிலைக்கவில்லை. பக்கத்து நாடான பெச்சுவானாலாந்தில் ஆசிரியை வேலை இருக்கு என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தார். அரசு பாஸ்போர்ட் தர மறுத்தது. ஒரு வெளியேறும் அனுமதிதான் கொடுத்தது. அதன் அர்த்தம், போகலாம், திரும்பி வரவே கூடாது. இரண்டு வயசு கூட நிரம்பாத பையனைத் தூக்கிக்கொண்டு 1964 மார்ச்சில் ரயில் ஏறினார். பிறந்த நாட்டை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை.

போய்ச் சேர்ந்த ஊர் செரோவே. மண் சுவர், கூரை வேய்ந்த வட்டக் குடிசைகள் நிறைந்த ரொம்பப் பெரிய கிராமம். கலாஹாரி பாலைவனத்தின் ஓரம், வானம் பார்த்த பூமி. மழை வராத வருஷங்களில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழும்.

தென்னாப்பிரிக்காவில் அவர் போதுமான அளவு வெள்ளை இல்லை. செரோவேயில் போதுமான அளவு கறுப்பும் இல்லை. உள்ளூர் மொழி வராது, உறவு இல்லை, குலம் இல்லை, புருஷன் கூட இல்லை, கையில் ஒரு குழந்தை. யார் மகள் என்ற கேள்விதான் முதல் கேள்வியாக இருக்கிற ஒரு ஊரில், அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாதவர். அந்த நாட்டில் மஸார்வா என்று இளக்காரமாகச் சொல்லப்படும் சான் மக்களை மற்றவர்கள் அடிமை மாதிரி நடத்தினார்கள். வெள்ளைக்காரன் இல்லாத இடத்திலும் இந்த மேல் கீழ் கணக்கு இருக்கிறதே என்று பார்த்த அதிர்ச்சியிலிருந்துதான் பிற்பாடு 'மாரு' என்ற நாவல் வந்தது. ஒரு மஸார்வா பெண் ஊருக்கு டீச்சராக வந்து, நான் யார் என்பதை மறைக்க மாட்டேன் என்று நிற்கிற கதை. சாதி பார்த்த ஊரில் வளர்ந்த யாருக்கும் அந்த நாவலுக்கு விளக்கம் தேவைப்படாது.

பள்ளிக்கூட வேலை இரண்டு வருஷம் கூட நீடிக்கவில்லை. 1965 கடைசியில் தலைமை ஆசிரியருக்கும் அவருக்கும் தகராறு வந்து, கைகலப்பு வரை போனது. இப்போ கவனிங்க. ஒரு ஆண் மேலதிகாரி, ஒரு பெண் ஊழியர், சண்டை. விசாரணையில் என்ன கேட்கணும்? என்ன நடந்தது, யார் ஆரம்பித்தது என்று கேட்கணும். ஆனா நிர்வாகம், மனநிலை சரியாக இருக்கிறதா என்று அவர் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளணும் என்றது. அவருக்கு மட்டும். பழைய ஃபைல் அந்த நாட்டுக்கு வரவில்லை, ஆனா ஃபைலில் இருந்த வார்த்தை அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. பெஸ்ஸி மறுத்தார். வேலை போனது. அதற்குப் பிறகு எந்தப் பள்ளியிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை.

நான் இதைப் படித்தபோது சும்மா ஒரு கணக்குப் போட்டேன். வேலையில் பிரச்சினை வந்த எத்தனை ஆண்களிடம் முதலில் மனநலச் சான்றிதழ் கேட்டிருப்பார்கள்? நம்ம பேச்சிலேயே பாருங்க, பையன் கத்தினால் அவனுக்குக் கோபம் ஜாஸ்தி. பொண்ணு கத்தினால் அவ ஒரு மென்டல்.

அடுத்த சில வருஷம் அகதி வாழ்க்கை. 1966-ல் நாடு சுதந்திரம் அடைந்து போட்ஸ்வானா ஆனது, ஆனா அகதிகளின் நிலை மாறவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் தவறாமல் ஆஜராகிக் கையெழுத்துப் போடணும். பல நாள் சாப்பாட்டுக்கே வழியில்லை. நடுவில் ஒரு விவசாய மேம்பாட்டுப் பண்ணையில் கொஞ்ச மாதம் இருந்தபோது, வறண்ட நிலத்தில் எந்தப் பயிர் வரும், மாட்டுக்கு வேலி ஏன் போடணும் என்று எல்லாவற்றையும் நோட்டம் விட்டு வைத்துக்கொண்டார்.

அப்போது லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த அவருடைய சின்னக் கட்டுரையை நியூயார்க் பதிப்பகம் ஒன்று பார்த்தது. நாவல் எழுதுங்கள் என்று சொல்லி, டைப் அடிக்கத் தாள் வாங்குவதற்குக் கொஞ்சம் பணமும் அனுப்பியது. 1968-ல் வந்தது 'வென் ரெய்ன் க்ளவுட்ஸ் கேதர்'. தென்னாப்பிரிக்காவிலிருந்து தப்பி வந்த ஒரு இளைஞன், ஒரு இங்கிலீஷ் வேளாண் நிபுணர், ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கிராமத்தின் விவசாயத்தை மாற்றப் பார்க்கிற கதை. நம்ம டிபார்ட்மென்ட் ஆட்களுக்குப் பிடிக்கும், பக்கம் பக்கமா தண்ணீர், மண், வேலி, பயிர்த் திட்டம்தான். அந்தப் புத்தகத்தில் வந்த பணத்தில் செரோவேயில் ஒரு சின்ன வீடு கட்டினார். வீட்டுக்குப் பேர் ரெய்ன் க்ளவுட்ஸ். மழை மேகம். 32 வயசில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு வாசல்.

இங்கே கதை முடிந்திருந்தால் நல்லா இருந்திருக்கும். முடியவில்லை.

வீடு வந்த அதே காலத்தில் நோயும் வந்தது. 1969-ல் ஒரு முறை கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி. பிறகு குரல்கள், உருவங்கள், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாத பயம். 1971 மார்ச்சில் அவர் ஒரு நோட்டீஸ் எழுதி செரோவே தபால் நிலையச் சுவரில் ஒட்டினார். நாட்டின் ஜனாதிபதி செரெட்சே காமா மேல் நம்பவே முடியாத, பயங்கரமான குற்றச்சாட்டுகள். அது அந்த ஜனாதிபதியின் சொந்த ஊர் என்பதையும் சேர்த்துக்கோங்க. போலீஸ் வந்தது. லோபாட்சே என்ற ஊரின் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கிட்டத்தட்ட மூன்று மாதம். எட்டு வயசுப் பையனை நண்பர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

தலைமை ஆசிரியை அன்றைக்குச் சொன்னது பலித்துவிட்டது என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பதில்தான் எனக்கு ஒரு சண்டை இருக்கு. ஒரு பெண்ணிடமிருந்து அம்மாவைப் பிடுங்கி, வளர்த்த அம்மாவையும் பிடுங்கி, நாட்டைப் பிடுங்கி, வேலையைப் பிடுங்கி, உனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று 14 வயசிலேயே சொல்லியும் வைத்துவிட்டு, இருபது வருஷம் கழித்து அவள் உடைந்ததும், நான்தான் சொன்னேனே என்பது எந்த ஊர் நியாயம்? பரம்பரையாக ஏதாவது வந்திருக்கலாம். நான் டாக்டர் இல்லை. ஆனா உடைகிற ஒரு பீமை ஆராயும்போது பொருளின் தரத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதன் மேல் ஏற்றிய பாரத்தை யாரும் கணக்கில் விடமாட்டாங்களே.

வெளியே வந்த பெஸ்ஸி செய்ததுதான் ஆச்சரியம். சாதாரணமா மனுஷங்க இந்த மாதிரி மூன்று மாதத்தை மறைத்துவிடுவார்கள். ஊருக்குத் தெரியாமல், கல்யாணப் பேச்சில் வராமல், பயோடேட்டாவில் தெரியாமல். இவர் உட்கார்ந்து அதை நாவலாக எழுதினார். 'எ க்வெஸ்ச்சன் ஆஃப் பவர்', 1973. அதில் வரும் எலிசபெத், மனநல மருத்துவமனையில் வெள்ளை அம்மாவுக்குப் பிறந்தவள், மகனோடு போட்ஸ்வானாவுக்கு வந்தவள். இது என் கதைதான் என்று பெஸ்ஸி வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டார்.

படிக்கக் கஷ்டமான புத்தகம், முன்னாடியே சொல்லிடறேன். எது நடந்தது, எது எலிசபெத்தின் தலைக்குள் நடக்கிறது என்று பல இடங்களில் பிரிக்க முடியாது. செல்லோ, டான் என்ற இரண்டு ஆண்கள் அவள் மனசுக்குள்ளேயே குடியேறி அவளை ஆட்டிப் படைக்கிறார்கள். மெடூசா என்று ஒருத்தி வந்து, நீ ஆப்பிரிக்கப் பெண்ணே இல்லை என்று ஏளனம் செய்கிறாள். கவனிச்சீங்களா? அவள் தலைக்குள் கேட்கும் குரல்கள் புதுசா எதையும் சொல்லவில்லை. வெளியே உலகம் அவளிடம் இத்தனை நாள் சொன்னதையே திருப்பிச் சொல்கின்றன.

எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கு. மருத்துவமனையில் எலிசபெத் கறுப்பர்களைத் திட்டிக் கத்துகிறாள். நோயின் வேகத்தில் அந்த விஷமும் அவள் வாயிலிருந்து வருகிறது. அங்கே இருக்கும் ஐரோப்பிய டாக்டர் கறுப்பர்களை வெறுப்பவர். இவளும் நம்ம ஆள் போல என்று அவருக்கு ஒரே சந்தோஷம், இவளிடம் தனிப் பிரியம் காட்ட ஆரம்பிக்கிறார். நிறவெறியை அவ்வளவு பக்கத்தில், அதுவும் தன்னைப் பாராட்டுகிற முகத்தோடு பார்த்த அதிர்ச்சியில் அவளுக்குப் புத்தி தெளிய ஆரம்பிக்கிறது. பைத்தியம் உள்ளே இருக்கிறதா, டாக்டர் நாற்காலியில் இருக்கிறதா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். தன்னைப் பாவமாக மட்டும் காட்டிக்கொள்ளாமல், தன் வாயிலிருந்து வந்த அசிங்கத்தையும் எழுதினாரே, அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

இன்னொன்று, தோட்டம். நாவலில் எலிசபெத்தைத் தரையில் பிடித்து வைத்திருப்பது ஒரு காய்கறித் தோட்டமும், கெனோசி என்ற உள்ளூர்ப் பெண்ணும்தான். கெனோசி அதிகம் பேசமாட்டாள். அறிவுரை சொல்லமாட்டாள். எலிசபெத் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும், விட்ட இடத்திலிருந்து சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்துவிடுவாள், அவ்வளவுதான். நிஜத்திலும் செரோவேயில் ஒரு கூட்டுறவுத் திட்டத்தின் தோட்டத்தில் பெஸ்ஸி வேலை பார்த்தார். அங்கே கேப் கூஸ்பெரி வளர்த்து, ஜாம் காய்ச்சி விற்றார்கள். நம்ம ஊர் வேலியோரத்தில் காகித உறைக்குள் இருக்குமே சொடக்குத் தக்காளி, அதன் பெரிய அக்கா மாதிரி ஒரு பழம். வெளியூரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டு வேர் பிடித்த செடி. பெஸ்ஸிக்கு அதன் மேல் ஏன் அவ்வளவு பிரியம் என்று தனியா சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு பேர் வந்தது. சிறுகதைத் தொகுப்பு, செரோவே கிராமத்து மனிதர்களைப் பேட்டி எடுத்து எழுதிய வரலாறு, 1977-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக எழுத்தாளர் முகாமுக்கு அழைப்பு என்று வரிசையாக. பணம் மட்டும் கடைசி வரை தட்டுப்பாடுதான். அதே 1977-ல் போட்ஸ்வானா அவருடைய குடியுரிமை விண்ணப்பத்தை நிராகரித்தது. உலகம் போட்ஸ்வானாவின் எழுத்தாளர் என்று சொல்லுது, போட்ஸ்வானா நீ எங்க ஆள் இல்லை என்கிறது. 1979-ல்தான் கொடுத்தார்கள். வந்து 15 வருஷம் கழித்து.

கடைசி வருஷங்கள் நல்லா இல்லை. குடி அதிகமானது, நண்பர்களோடு சண்டை, கோபக் கடிதங்கள். சுலபமான மனுஷி இல்லை என்று அவரைத் தெரிந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். 1986 ஏப்ரல் 17-ல் கல்லீரல் அழற்சியால் செரோவேயில் இறந்தார். வயசு 48. தன் வரலாற்றை எழுதப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தார், முடிக்கவில்லை.

அவர் வாழ்ந்தபோது திரும்பி வரக்கூடாது என்று சொன்ன தென்னாப்பிரிக்கா, 2003-ல் இகமாங்கா என்ற உயர்ந்த அரசு விருதை அவர் பேருக்குக் கொடுத்தது. 2007-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரின் முக்கிய நூலகத்துக்கு பெஸ்ஸி ஹெட் நூலகம் என்று பேர் வைத்தார்கள். ஃபோர்ட் நேப்பியர் இருக்கும் அதே ஊர்தான். செரோவே அருங்காட்சியகத்தில் அவருடைய கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் ஃபைல் ஃபைலாக இருக்கு, யார் வேணும்னாலும் அனுமதி வாங்கிப் படிக்கலாம். இந்த ஃபைல்களில் இருப்பதை எழுதியது அவரே.

படிக்கணும்னு தோணுறவங்களுக்கு ஒரு யோசனை. நேரா 'எ க்வெஸ்ச்சன் ஆஃப் பவர்'-ல் குதிக்காதீங்க, இருபது பக்கத்தில் மூடி வச்சிடுவீங்க. முதலில் 'வென் ரெய்ன் க்ளவுட்ஸ் கேதர்', அப்புறம் 'மாரு', சின்னப் புத்தகம்தான், ஒரு வார இறுதியில் முடிஞ்சுடும். அதுக்கப்புறம் இதை எடுங்க. அப்பவும் குழப்பினா, தோட்டம் வருகிற பக்கங்களைப் பிடிச்சுக்கிட்டே போங்க, எலிசபெத்தும் அப்படித்தான் போனாள்.